பயிற்றுவோரும் பயிலல் வேண்டும்

கல்வி முற்றுப்பெறும் வழியைப் பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்திற் கணக்கிட்டே காட்டியிருக்கின்றார். ஆசிரியர் உரைப்பதைச் செவ்வனே கொண்டாலும் மாணாக்கனுக்குக் கிட்டுவது காற்பங்கே. உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கோ, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்குங்காலையில்தான் நிரம்பும். இவ்விதி ஏட்டுக் கல்விக்கே உரியதென்று தமிழ் பயிலும் நம்மனோர் எண்ணிவிடுகின்றோம். தேகப் பயிற்சிக்கும் இது சிறிதும் பிறழாமற் பொருந்தும் என்பது எமது துணிபு.

மேனாடுகளிலும் நம் நாட்டுப் பெருநகரங்களிலும் உடற்பயிற்சி ஆசிரியர்கள் மாநாடு கூடுகின்றனர். நாற்காலியில் அமர்ந்து சொற்பொழிவு கேட்பதோடு இவை அமைவதில்லை. காலையில் மேடைமீது நின்று பலரை நடத்தியவரே, அடுத்த மணியில் வேறொருவர் வகுப்பிற் கடைவரிசையில் நின்று குனிந்து நிமிர்ந்து வியர்க்கின்றார். எதிர்முகமாக நிற்கும் ஆசிரியர் தம் இடக்கையை உயர்த்தி, 'வலக்கை' என்று கூற வேண்டும். அசைவு மாறுமுன்னரே அதனை அறிவிக்க வேண்டும். முழங்கால் நலிந்தவனுக்கு எளியதொரு மாற்றும் காட்ட வேண்டும். இவற்றை நூலிற் படித்தறிதல் அரிது. தன் கால் தளரும்போதன்றோ, தளர்ந்த மாணாக்கன் உள்ளம் ஆசிரியனுக்குப் புலனாகும்!

இத்துறையில் மிஷன் கல்லூரியினராகிய நமக்கு முன்னோர் இட்ட பாதை உண்டு. 1844இல் இலண்டனில் தோன்றிய கிறிஸ்தவ வாலிபர் சங்கம் ஆன்மாவோடு உடலையும் பேண முனைந்தது. அமெரிக்காவில் அச்சங்கத்தின் ஸ்பிரிங்பீல்டு பயிற்சிப் பள்ளியில் ஆசிரியராயிருந்த நெய்ஸ்மித் 1891இல் கூடைப்பந்தை வகுத்தார். அங்குப் பயின்ற மார்கன் 1895இல் கைப்பந்தை வகுத்தார். அதே பள்ளியிற் பயின்ற ஹாரி குரோ பக் சென்னைக்கு வந்து, 1920இல் உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். 1924இல் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயங்களுக்குச் சென்ற இந்தியக் குழுவின் மேலாளராகவும் விளங்கினார். இவர்கள் அனைவரும் கற்றதைக் கற்பித்தவர். கற்பித்தலாற் புதியன கண்டவர். சரீரத்தை ஆலயமாகக் கண்ட பவுல் அப்போஸ்தலரையும், உடம்பினுள் இறைவனைக் கண்ட திருமூலரையும் போற்றும் நாட்டில் அவர்கள் பணி வேரூன்றியதில் வியப்பில்லை.

ஆயினும், அந்தப் பாதை பெருநகரத்தோடு நின்றுவிடலாமா? தென்பெண்ணையாற்றங்கரையிலுள்ள மூங்கில்துறைப்பட்டை எடுத்துக்கொள்வோம். கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் கரும்பு வயல்களும் அவ்வூருக்கு அடையாளம். கல்வராயன் மலையும் தொலைவிலன்று. இத்தகைய ஊர்களிற் பள்ளிக்கு ஒருவராகவே பெரும்பாலும் இருக்கும் உடற்கல்வியாசிரியர், ஒத்த தொழிலினரோடு கூடிப் பழகும் அந்த இரண்டாவது காற்பங்கை எங்ஙனம் பெறுவார்? பரீட்சை நெருங்கினால் விளையாட்டு வேளையும் கணக்கிற்கு இரவலாகிவிடுகின்றது. 5 முதல் 17 வயதுடையோர்க்கு நாள்தோறும் சராசரி 60 நிமிட உடலியக்கமாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட நெறிமுறை கூறுகின்றது. இரவல் போன வேளையை மீட்டுத் தருவார் யார்?

'நாளெல்லாம் கரும்பு வெட்டுவார் மக்களுக்குப் பயிற்சி எதற்கு? உழைப்பே போதாதோ?' என்று சிலர் வினவுவர். உழைப்பு வேறு, பயிற்சி வேறு. கரும்பு வெட்டுவோன் அடிக்கட்டையளவு குனிந்து, ஒரு கையாலேயே ஓயாது கத்தி வீசுகின்றான். பின்னர்க் கட்டுகளைச் சுமக்கின்றான். ஒருபுறம் மிகையாக வருந்த, மறுபுறம் வாளாவிருக்கின்றது, இடுப்பிற்கோ ஓய்வில்லை. உடலைச் சமன்செய்து, மூச்சை ஒழுங்குபடுத்தி, வேண்டும்போது ஓய்வும் தருவதே பயிற்சி. உழைப்பைக் கூலியும் பொழுதும் அளக்கின்றன. பயிற்சியை உடலின் நன்மையே அளக்கின்றது.

இவ்வேறுபாட்டை நகரத்துப் பயிற்சிக்கூடத்திலேயே வளர்ந்த ஆசிரியர் அறிவது எளிதன்று. அவருக்குத் தெரிந்தது, நாற்காலியில் இருந்து இருந்து விறைத்த முதுகு. குனிந்து குனிந்து நொந்த முதுகை அறிந்தவர் மூங்கில்துறைப்பட்டு ஆசிரியரே. ஆதலின் நகரத்தார் கற்பிக்க, நாட்டுப்புறத்தார் கைகட்டிக் கேட்கும் மாநாடு பாதிக் கல்வியே தரும். இருவரும் மேடையேற வேண்டும். இருவரும் வரிசையில் நிற்க வேண்டும்.

எனவே, பெருங்கட்டணமும் கருவி விற்போர் கடைகளுமின்றி, ஆலையின் அரைவைப் பருவம் தொடங்குமுன் இரண்டு நாட்கள் மூங்கில்துறைப்பட்டிலேயே இத்தகைய கூட்டம் ஒன்று நடத்தல் தகும். திடலும் நிழலும் குடிநீரும் போதும். நம் கல்லூரி மாணவர் சென்று உடன் பயிலட்டும். சிலம்பம் அறிந்த உள்ளூர்ப் பெரியோரும் ஒரு வகுப்பு நடத்தட்டும். மலையூர்ப் பிள்ளைகளுக்கும் பெண்மக்களுக்கும் முன்வரிசையில் இடம் தருவோமாக.

அந்நாளில் தலைமையுரை நீளாதிருப்பது நன்று. தலைவரும் வரிசையில் நிற்பது அதனினும் நன்று.