கழுத்து வலி எல்லாவற்றுக்கும் அறுவை சிகிச்சை தீர்வாகுமா?

“சிறு துளையிட்டுக் கழுத்தெலும்பை இணைத்துவிட்டால் வலி நின்றுவிடுமாமே?” ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பகுதிகளிலிருந்து எங்களிடம் வருவோர் அண்மைக் காலமாக அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நகையை அடகு வைத்துப் பணத்தைத் தயார் செய்துகொண்டே வருபவர்களும் உண்டு. கழுத்து வலி மட்டுமே தொல்லையாக இருப்பவர்களுக்கு இந்த அறுவை சிகிச்சையை நாங்கள் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. அதற்கான காரணத்தை விளக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

மனிதத் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. நிமிர்ந்து அமர்ந்திருக்கையில் கழுத்தின் ஏழு முள்ளெலும்புகளும் இடையிலுள்ள வட்டுகளும் அதை எளிதாகத் தாங்குகின்றன. காலணியின் மேல்தோலைத் தைக்கும் பெண், ஊசிமுனையைப் பார்த்தபடி நாள் முழுவதும் தலையைக் கவிழ்த்திருக்கும்போது, பின்கழுத்துத் தசைகள் ஓய்வின்றி அந்தச் சுமையை இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. குடியாத்தம் பக்கம் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றுபவருக்கும் இதே நிலைதான். இவர்களது வலியின் பெரும்பகுதி தசைகளில் எழுவது. எலும்பை இணைப்பதால் தசையின் களைப்பு தீராது.

“டிஸ்க் பிதுங்கியிருப்பதாக எம்.ஆர்.ஐ.யில் எழுதியிருக்கிறதே?” என்பது அடுத்த கேள்வி. ஜப்பானில், கழுத்துத் தொல்லை ஏதுமற்ற 1,211 பேரைப் படமெடுத்துப் பார்த்த ஆய்வொன்று 2015-இல் வெளிவந்தது. அவர்களில் 100-க்கு 87 பேருக்கு மேல் வட்டுப் பிதுக்கம் காணப்பட்டது. நாற்பது வயதில் தலை நரைப்பதைப் போன்றதே இதுவும். படத்தில் உள்ள பிதுக்கம் நரம்பையோ தண்டுவடத்தையோ உண்மையிலேயே அழுத்துகிறதா, அந்த அழுத்தமும் உங்கள் தொல்லையும் ஒத்துப்போகின்றனவா என்பதையே நாங்கள் பார்க்கிறோம்.

நரம்பு அழுத்தப்பட்டால் வலி தோளிலிருந்து கைக்கு இறங்கும், விரல்கள் மரத்துப்போகும். இத்தகையோரில் பெரும்பாலோர் மருந்தாலும் இயன்முறைப் பயிற்சியாலும் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தேறிவிடுகின்றனர். தேறாதவர்களுக்கும், கையில் வலுவிழப்பு கூடிவருபவர்களுக்கும் அறுவை சிகிச்சை நல்ல பலன் தருகிறது.

தண்டுவடமே அழுத்தப்படும் நிலை வேறு. சட்டைப் பொத்தானைப் போட முடியாமை, ஊசியில் நூல் கோக்கத் தடுமாற்றம், கையிலிருந்து பொருள் நழுவுதல், நடையில் தள்ளாட்டம், சிறுநீரை அடக்க இயலாமை ஆகியவை அதன் அடையாளங்கள். இவர்களுக்கு வலி குறைவாகவே இருக்கலாம். அதனாலேயே காலம் தாழ்த்தி வருகின்றனர். அறுவை சிகிச்சை நோய் மேலும் முற்றுவதைத் தடுக்கும். ஆனால் இழந்த வலு முழுவதும் திரும்பும் என்று உறுதி கூற இயலாது. வலியால் துடிப்பவர் அறுவை சிகிச்சைக்கு அவசரப்படுவதும், கை தடுமாறுபவர் “வயதாகிவிட்டது” என்று வீட்டிலேயே இருந்துவிடுவதும் எங்களை மிகவும் வருத்துகின்றன.

நரம்பியல் அறுவை சிகிச்சைக்கென இந்தியாவின் முதல் துறையை டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-இல் தொடங்கியது வேலூரில்தான். அதனாலோ என்னவோ, இங்குள்ளவர்களுக்குக் கத்தி என்றால் அச்சம் குறைவு என்று எங்களுக்குத் தோன்றுவதுண்டு! முன்கழுத்து வழியாக வட்டை அகற்றி எலும்பை இணைக்கும் முறை 1950-களில் அமெரிக்காவில் உருவானது. தோல் மடிப்பையொட்டி 3 அல்லது 4 சென்டிமீட்டர் கீறி, மூச்சுக்குழலையும் உணவுக்குழலையும் மெல்ல ஒதுக்கி, நுண்ணோக்கியின் உதவியால் வட்டை அகற்றி, அவ்விடத்தில் எலும்புத் துண்டையோ சிறு கூண்டையோ பொருத்துகிறோம். தழும்பின் நீளத்தைக் காட்டி ஓர் அறுவை சிகிச்சையை விளம்பரப்படுத்துவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. வெளியே கீறல் எவ்வளவு சிறிதாயினும், உள்ளே இரண்டு எலும்புகள் நிரந்தரமாக ஒன்றாகின்றன. விழுங்குவதில் சிரமமும் குரல் கம்மலும் சில வாரங்கள் இருக்கலாம். புகைப்பவர்களுக்கு எலும்பு சேர்வது தாமதமாகும், சேராமலும் போகலாம். இணைத்த எலும்புகளுக்கு அடுத்துள்ள வட்டுகளில், 10 ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குப் புதிய தொல்லை தோன்றலாம் என 1999-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று கணித்தது.

எனவே, அறுவை சிகிச்சை செய்துகொண்டவரும் செய்துகொள்ளாதவரும் பழைய இருக்கைக்கே, பழைய உயரத்திலுள்ள மேசைக்கே திரும்புவதை நாங்கள் ஏற்க இயலாது. மேசையைச் சற்று உயர்த்துவதும், மணிக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் எழ அனுமதிப்பதும் எந்தத் தொழிற்சாலைக்கும் பெருஞ்செலவல்ல. இ.எஸ்.ஐ. காப்பீடு உள்ள தொழிலாளர்கள், உரிய சந்தா செலுத்தப்பட்டிருந்தால், நோய்க்கால விடுப்பில் ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு பெறலாம். சம்பளம் போய்விடும் என்று அஞ்சிப் பயிற்சியைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்த முறை வரும்போது, நீங்கள் வேலை செய்யும் இருக்கையையும் மேசையையும் கைபேசியில் படமெடுத்து வாருங்கள். எம்.ஆர்.ஐ. படத்தோடு அதையும் பார்க்க விரும்புகிறோம்.