கீழ்த்துறைக்காரன் கேட்கிறேன்

மதுரையில் கூட்டம் முடிந்து ஏ.வி. பாலத்தில் நடந்து வரும்போது கல்லூரித் தோழர் ஒருவர் கேட்டார்: "ஆத்துல அணுக்கழிவு கலந்தா என்னண்ணே, கடலுக்குப் போயிக் கரைஞ்சிரும்ல?"

கீழே வைகையில் சாக்கடை ஓடிக்கொண்டிருந்தது. நகரத்துக்காரன் கண்ணுக்கு அதுவும் கரைந்துதான் போகிறது. சிலைமான் பக்கம் கேட்டால் வேற கதை வரும். எங்கள் ஊரில் மேல்த்துறை அவர்களுக்கு, கீழ்த்துறை நமக்கு. அவன் குளிச்ச தண்ணிதான் நமக்குக் குடிக்க.

இதே துறைப் பிரிவினைதான் ஜார்க்கண்டின் ஜாதுகோடாவிலும். 1967இல் தொடங்கப்பட்ட இந்திய யுரேனியக் கழகம் தோண்டியது சந்தால், ஹோ ஆதிவாசிகளின் மண்ணை. யுரேனியத்தைப் பிரித்த பிறகும் கதிரியக்கத்தில் ஏறத்தாழ 85 சதம் அரைத்த பாறையிலேயே தங்கிவிடும். அதைச் சேறாக்கிக் குழாய் வழியே கிராமங்களை ஒட்டிய குட்டைகளில் தேக்கினார்கள். அதிலுள்ள ரேடியம் பாதியாகக் குறையவே 1600 வருஷம் ஆகும். 'ஆபத்தில்லை' என்று அணுசக்தி ஆணையம் சொன்னதை ஏற்று 2004இல் உச்ச நீதிமன்றம் பொதுநல வழக்கைத் தள்ளியது. 2006 டிசம்பர் 24 அன்று குழாய் வெடித்தது. மணிக்கணக்கில் சேறு ஓடையில் பாய்ந்தது. அந்த ஓடைத் தண்ணீர் சேருமிடம் சுவர்ணரேகா ஆறு. அது வங்காளம், ஒடிசா வழியாகக் கடலுக்குப் போகிறது. வெடித்ததைக் கம்பெனிக்குச் சொன்னதே ஊர்ச்சனங்கள்தான்!

முதலாளித்துவம் மட்டும்தான் இப்படிச் செய்யும் என்று நம் இடதுசாரித் தோழர்கள் சொல்லக்கூடும். சோவியத்தின் மாயக் அணுகுண்டு ஆலை 1949 முதல் 1956 வரை டேச்சா ஆற்றில் விட்ட கழிவுநீர் சுமார் 7.6 கோடி கன மீட்டர். ஆறு மாறி ஆறு மாறி, ஓப் நதி வழியாக ஆர்க்டிக் கடல் வரை நஞ்சு போனது. போன வழியெல்லாம் கரையவா செய்தது? சீசியம் வண்டலைப் பிடித்துக்கொண்டு ஆற்றடியில் படுத்துக்கொள்ளும், வெள்ளம் வந்தால் எழுந்து மேய்ச்சல் தரைக்கு ஏறும். ஸ்ட்ரான்சியத்தை உடம்பு சுண்ணாம்புச் சத்தென்று நம்பி எலும்பில் சேர்த்துக்கொள்ளும். கரையோரத்தில் பல ஊர்களைக் காலி செய்தார்கள். தாத்தாரியர்கள் மிகுந்த முஸ்லியுமோவோ ஊரையோ அரை நூற்றாண்டு அங்கேயே விட்டுவைத்தார்கள். அதென்ன கணக்கு?

கூடங்குளத்தில் இந்த ஆற்று வேலையும் மிச்சம். உலையே கடற்கரையில். குளிர்விக்கும் நீர் நேரே கடலுக்கு. அங்கே இடிந்தகரை மீனவர்தான் கீழ்த்துறை.

தோழரிடம் சொன்னேன்: "கரையுதா இல்லையான்னு ஆலைக்காரன்ட்ட கேக்காத. அளக்குற கருவிய கீழ இருக்குறவன் கையில குடுக்கச் சொல்லு, கணக்க அவன் பாஷையில ஊர்ச்சாவடில ஒட்டச் சொல்லு."

"சாவடிக்குள்ள நம்மள விடுவாய்ங்களாண்ணே?" என்றார். பாலம் முடிகிற வரை பேசாமல் நடந்தோம்.