கூரையை எண்ணும் டிரோன் குடியிருப்பவரை எண்ணுமா?

இயற்கைப் பேரிடரின் சேதத்தை டிரோன்கள் சில மணி நேரத்தில் அளந்துவிடும், இனி இழப்பீட்டில் தாமதமும் முறைகேடும் இரா என்று முழங்கப்படுகிறது. சாலை அறுந்த மலையில் டிரோன் பெருந்துணை என்பதில் நமக்கு ஐயமில்லை. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளை மண்சரிவு விழுங்கியபோது, தேடும் பணிக்கு அது பயன்பட்டது. கருவியை எதிர்ப்பது நம் வேலையன்று. அது எடுக்கும் படத்தை வைத்து யாருடைய இழப்பு கணக்கில் ஏறுகிறது என்பதே கேள்வி.

இடுக்கி மாவட்டத்துப் பெட்டிமுடியை எண்ணிப் பாருங்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு தோட்ட லயங்களின் மீது மலை சரிந்தது. தமிழ்த் தேயிலைத் தொழிலாளரும் அவர்தம் குழந்தைகளுமாக 70 பேர் மாண்டனர். தொலைத்தொடர்பு அற்றிருந்ததால் மறுநாள் காலையில்தான் செய்தி வெளியே வந்தது. வானிலிருந்து நோக்கினால் அங்கே அழிந்தவை சில கூரைகள். அவையும் கம்பெனியின் சொத்து! தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவருக்குப் பட்டா இல்லை. அவர் இழந்த மாடும் பாத்திரமும் பள்ளிச் சான்றிதழும் எந்தப் படத்திலும் விழா. ஓர் அறையில் எத்தனை பேர் உறங்கினர், விருந்தாக வந்து தங்கியவர் யார் என்பதைப் பக்கத்து லயத்துப் பெண்ணும் தொழிற்சங்கத் தோழரும் அறிவர், டிரோன் அறியாது.

அளந்து முடித்தால் பணம் வந்துவிடுமா? 2024 ஆகஸ்ட் 10 அன்று பிரதமரே வயநாட்டை வானிலிருந்து பார்வையிட்டார். கேரளம் கேட்டது ஏறத்தாழ 2,000 கோடி ரூபாய். 2025 பிப்ரவரியில் ஒன்றிய அரசு அளித்ததோ 529.50 கோடி, அதுவும் கடன்! இடையில், 2019 வெள்ளம் முதல் வயநாடு வரை நடந்த வான்வழி மீட்புக்கு 132.62 கோடி ரூபாய் கட்டணம் கேட்டுக் கடிதம் வந்தது. கண்ணுக்குத் தெரியாததால் மறுக்கப்பட்ட உதவியா இது?

எனவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. மழைக்கு முன்பே டிரோன் பறக்கட்டும். இடுக்கியிலும் பாலக்காட்டின் நெல்லியாம்பதியிலும் சரிவுகளின் கீழுள்ள லயங்களைக் குறிக்கட்டும். ஒவ்வொரு லயத்திலும் வாழ்வோரின் பட்டியலை ஊராட்சியும் தொழிற்சங்கமும் சேர்ந்து, தமிழிலும் தயாரிக்க வேண்டும். இழப்பு குடியிருப்பவர் பெயரில் பதிவாக வேண்டும். பெட்டிமுடியில் எஞ்சிய 8 குடும்பங்களுக்குக் குட்டியாரில் அரசு நிலம் தந்து வீடுகள் எழுந்தன. சாவுக்குப் பின் கிடைத்த அந்த நிலம், சாவுக்கு முன்பே ஒவ்வொரு தோட்டத் தொழிலாளருக்கும் உரிமையாக வேண்டும்.

தோழர்களே, பட்டியலை அரசு தொடங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த தென்மேற்குப் பருவமழைக்கு முன் தோட்டக் கிளைகள் லயம் லயமாகச் சென்று எழுதத் தொடங்கட்டும்.