ஈவுத்தொகை மதிப்பை உயர்த்துமா?

ஓய்வூதியத்தையும் வங்கி வட்டியையும் நம்பி வாழும் என் போன்றோருக்கு, பொதுத்துறை எரிசக்தி நிறுவனங்கள் வழங்கும் ஈவுத்தொகை ஓர் ஆறுதல். தாராளமாக ஈவுத்தொகை தரும் நிறுவனத்தின் மதிப்பும் உயரும் என்று நாம் கருதுவது இயல்பே. அனுபவமோ அதற்கு மாறாக இருக்கிறது.

கோல் இந்தியா நிறுவனம் 2010-இல் தன் பங்குகளை ரூ.245 விலையில் பொதுமக்களுக்கு வழங்கியது. 2014 ஜனவரியில் பங்கொன்றுக்கு ரூ.29 இடைக்கால ஈவுத்தொகை அறிவித்தது, மொத்தம் ரூ.18,000 கோடிக்கும் அதிகம். ஏறத்தாழ 90 சதவீதப் பங்குகள் மத்திய அரசிடம் இருந்ததால், அதன் பெரும்பகுதி கஜானாவுக்கே சென்றது. ஆனால், 2020-இல் பங்கின் விலை வெளியீட்டு விலையில் பாதிக்கும் கீழே இறங்கியது. 2024-இல் அதே பங்கு ரூ.500-ஐத் தாண்டியது. இடைப்பட்ட காலத்தில் ஆண்டு நிலக்கரி உற்பத்தி சுமார் 60 கோடி டன்னிலிருந்து 77 கோடி டன்னாக உயர்ந்தது; மின் தேவையும் லாபமும் பெருகின. ஈவுத்தொகையும் கூடியது உண்மைதான். அது லாபத்தின் விளைவேயன்றி, மதிப்பு உயர்ந்ததற்குக் காரணம் அன்று.

மெர்ட்டன் மில்லரும் பிராங்கோ மோதிக்லியானியும் 1961-இல் நிறுவிய கோட்பாடும் இதுவே. முதலீட்டுத் திட்டம் மாறாதவரை, குறைகளற்ற சந்தையில் ஈவுத்தொகை மதிப்பை மாற்றாது; பங்குதாரரின் கைக்கு வந்த தொகை நிறுவனத்தில் குறைந்துவிடுகிறது.

நடைமுறையில் ஈவுத்தொகை ஒரு செய்தியாகவும் அமைகிறது. ஷெல் நிறுவனம் 2020 ஏப்ரலில், இரண்டாம் உலகப் போருக்குப் பின் முதன்முறையாக, ஈவுத்தொகையை மூன்றில் இரண்டு பங்கு குறைத்தது. அன்றே பங்கு விலை சரிந்தது. வருங்காலம் குறித்த நிர்வாகத்தின் கணிப்பாகச் சந்தை அதைப் புரிந்துகொண்டது.

நம் பொதுத்துறையில் அந்தச் செய்திக்கு இடம் குறைவு. நிகர லாபத்தில் 30 சதவீதம் அல்லது நிகர மதிப்பில் 5 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதைக் குறைந்தபட்சம் வழங்க வேண்டும் என்று 2016-இல் மத்திய அரசு நெறிமுறை வகுத்தது. 2024 நவம்பரில் 5 சதவீதம் 4 ஆகக் குறைக்கப்பட்டது. லாபம் குன்றிய ஆண்டிலும் நிகர மதிப்பைக் கணக்கிட்டு ஈவுத்தொகை கோரும் விதி, நிறுவனத்தின் தேவையைவிட அரசின் வரவு-செலவுத் திட்டத்தின் தேவையையே பிரதிபலிக்கிறது.

பணத்தை நிறுவனத்திலேயே விட்டுவைத்தால் வீணாகும் என்ற வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. உபரிப் பணத்தை அமெரிக்க எண்ணெய் நிறுவனங்கள் லாபமற்ற துரப்பணத்திலும் தொடர்பற்ற தொழில்களிலும் கொட்டியதை 1986-இல் மைக்கேல் ஜென்சன் சுட்டிக்காட்டினார். மூலதனச் செலவுக்கு மேல் வருவாய் தரும் திட்டம் இல்லையெனில், பணத்தைப் பங்குதாரரிடம் திருப்பித் தருவதே நேர்மை.

ஆனால், நிலக்கரியிலிருந்து சூரிய, காற்றாலை மின்சாரத்துக்கு மாற வேண்டிய காலம் இது. உலகச் சந்தை விலைக்கேற்ப எரிசக்தித் துறையின் லாபம் ஏறி இறங்கும். முதலீடுகளோ பலனளிக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும். எனவே, ஓராண்டுக் கணக்கை விடுத்து, ஐந்தாண்டுச் சராசரி லாபத்தையும் திட்டங்களின் தேவையையும் எடைபோட்டு ஈவுத்தொகையை நிர்ணயிக்கும் உரிமை இயக்குநர் குழுவுக்கு வேண்டும். அதற்கான காரணங்களையும் குழு வெளியிட வேண்டும்.

சிறு முதலீட்டாளர்களாகிய நாமும் கையில் வந்த தொகையோடு நின்றுவிடாமல், எஞ்சிய பணம் எதில் முதலிடப்படுகிறது என்று கேட்டாக வேண்டும். நம் பங்கின் நாளைய மதிப்பு அந்தப் பதிலில்தான் இருக்கிறது.