பிரேசில் மரத்துக்கு ஏன் இத்தனை பூசை?

பழைய பாணி அக்கூஸ்டிக் கிடார் பிரியர்களிடம் பேச்சுக் கொடுத்தால் அமெரிக்க மார்ட்டின் கம்பெனியில்தான் ஆரம்பிப்பார்கள். 1933 முதல் 1942 வரை அது செய்த டி-45 மொத்தமே 91. இன்று ஒன்றின் விலையில் வீடே வாங்கலாம். அந்த நாதம் எங்கிருந்து வருகிறது என்றால் உடனே பதில்: பிரேசில் ரோஸ்வுட்! 1992-லிருந்து அதன் சர்வதேச வணிகத்துக்குத் தடை. கிடைக்காத பொருளாச்சே, மவுசு கேட்கவா வேண்டும்?

சரி, மரத்தைப் பார்க்க விடாமல் வாசிக்கச் சொன்னால்? 2018-ல் வெளியான இங்கிலாந்து ஆய்வில் அதைத்தான் செய்தார்கள். ஆறு கிடார்கள், முதுகும் பக்கமும் மட்டும் வேறு வேறு மரம். மங்கிய வெளிச்சத்தில் வெல்டிங் கண்ணாடி மாட்டிக்கொண்டு 52 பேர் வாசித்தார்கள். பிரேசில் மரத்துக்கும் மலிவான மரத்துக்கும் மதிப்பெண்ணில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை. (அந்த ஆறில் நம்ம ஈட்டி மரமும் ஒன்று. 1969-ல் பிரேசில் மரத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது மார்ட்டின் மாறியதும் இதற்குத்தான். 'இரண்டாந்தரம்' என்று இன்னும் மூஞ்சியைச் சுளிக்கிறார்கள்!)

சங்கதி முன்பலகையில் இருக்கிறது ஐயா. மெல்லிய ஸ்புரூஸ் பலகை, உள்ளே ஒட்டிய தாங்கு கட்டைகள். கட்டை கனத்தால் பலகை அதிராது. ரொம்ப இளைத்தால் கம்பி இழுக்கிற இழுப்பில் பலகை புடைத்துக்கொள்ளும். பழைய கிடார்களில் இந்தக் கட்டைகளைச் செதுக்கி இளைத்திருப்பார்கள். 1944 வாக்கில் மார்ட்டின் அதை நிறுத்தியது. வர்ஜீனியாவின் வேய்ன் ஹெண்டர்சன் பேனாக்கத்தியால் செதுக்கிச் செய்த கிடாருக்கு எரிக் கிளாப்டனே சுமார் பத்து வருஷம் காத்திருந்தார். இந்தத் தட்டுப்பாட்டுக்குக் காசு கொடுத்தால் நியாயம். அது ஒரு மனுஷனின் நேரம்.