இதயத்தை அச்சடித்துவிட்டார்களா?

பாதாம் பிசின் ஒரு சிறு துண்டை இரவில் தண்ணீரில் போட்டு வையுங்கள். காலையில் பார்த்தால் கிண்ணம் நிறைய வழவழவென்று ஊறியிருக்கும். ஜிகர்தண்டாவில் நீங்கள் சாப்பிட்டிருப்பீர்கள். அதில் பெரும்பகுதி தண்ணீர்தான். ஆனால் கவிழ்த்தால் தண்ணீரைப்போல ஓடிவிடாது. நீண்ட மூலக்கூறுகள் வலைபோலப் பின்னி நீரைப் பிடித்து வைத்திருக்கின்றன. இத்தகைய பொருளுக்கு ஹைட்ரோஜெல் என்று பெயர்.

நம் உடலில் செல்கள் குடியிருப்பதும் இப்படி நீர் நிறைந்த ஒரு வலையில்தான். எனவேதான் உயிருள்ள செல்களை ஹைட்ரோஜெல்லில் கலந்து, அதையே மையாக்கி, அடுக்கடுக்காக அச்சிட்டுத் திசுக்களைச் செய்ய முயல்கிறார்கள்.

2019 ஏப்ரலில் இஸ்ரேலின் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் தால் டிவிர் குழுவினர் இவ்வாறு ஓர் இதயத்தை அச்சிட்டார்கள். மனிதக் கொழுப்புத் திசுவே அதற்கு மூலப்பொருள். உலகெங்கும் பெரிய செய்தி! ஆனால் அது முயலின் இதயம் அளவே இருந்தது. அதன் செல்களால் சுருங்க முடிந்தது. ஒன்றுசேர்ந்து இரத்தத்தை இறைக்க முடியவில்லை. தலைப்பை மட்டும் படித்துவிட்டு, "எங்கள் அப்பாவுக்கு எப்போது கிடைக்கும்?" என்று ஒருவர் கேட்டால் என்ன பதில் சொல்வது? இம்மாதிரித் தலைப்புகள் எனக்குப் பிடிப்பதில்லை.

அச்சு இயந்திரம் பெரிய தடையல்ல. 2003லேயே அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் போலண்ட் குழுவினர் சாதாரண இங்க்ஜெட் பிரிண்டரை மாற்றியமைத்துச் செல்களை அச்சிட்டுக் காட்டினார்கள். கஷ்டமெல்லாம் மையில்தான். வீட்டில் இடியாப்பம் பிழிவதைக் கவனித்திருக்கிறீர்களா? மாவு கெட்டியானால் கை வலிக்கும். இளகினால் இழை நிற்காது. இங்கேயும் அதே பதப் பிரச்சினை. கெட்டியான ஜெல்லை அழுத்திப் பிழிந்தால் செல்கள் நசுங்கிச் சாகும். இளகிய ஜெல்லில் அவை சுகமாக வாழும், ஆனால் உருவம் சரிந்துவிடும்.

பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டைப் பாருங்கள். (நம் மன்னார் வளைகுடாவிலும் இப்பாசிகள் உண்டு.) கால்சியம் பட்டதும் சட்டென்று உறையும், அச்சிட அருமையான பொருள். ஆனால் நம் செல்கள் பற்றிக்கொள்ள அதில் பிடிப்பு இல்லை! அதனால் ஜெலட்டினையும் கலக்கிறார்கள்.

2015இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆடம் ஃபைன்பெர்க் குழுவினர் வேறொரு வழி கண்டார்கள். ஜெலட்டின் கூழ் நிரம்பிய தொட்டிக்குள்ளேயே அச்சிட்டார்கள். இளகிய மையையும் அந்தக் கூழ் சரியவிடாமல் தாங்கும். பிறகு 37 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் கூழ் உருகிப் போய்விடும், அச்சிட்ட உருவம் நிற்கும். எவ்வளவு எளிய யோசனை! தலைப்புச் செய்தியாக வேண்டியது இதுதான் என்பேன்.

இன்னொரு தடை ஆக்சிஜன். இரத்தக் குழாயிலிருந்து சுமார் 0.2 மில்லிமீட்டருக்கு அப்பால் இருக்கும் செல்களுக்கு அது போதிய அளவு எட்டாது. தடித்த திசுவை அச்சிட்டால் நடுவிலுள்ள செல்கள் செத்துப்போகும். ஆகவே அடுத்தமுறை "உறுப்பை அச்சடித்தார்கள்" என்று படித்தால், அதன் தடிமன் எவ்வளவு, செல்கள் எத்தனை நாள் உயிரோடு இருந்தன, உள்ளே இரத்தம் ஓடியதா என்று செய்திக்குள் தேடிப் பாருங்கள்.