ஒரு கொம்பு வித்தியாசம்

பி.காம். படித்தவனுக்கு உலகத்தில் இரண்டே பக்கம்தான். இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு. கல்யாணத்துக்குப் பிறகு எனக்கு வலது பக்கம் மங்கலாகத் தெரிகிறது என்பது வேறு விஷயம்.

மாதத்தில் இரண்டு நாள் கணக்கு எழுதக் கோட்டைப்பட்டினம் போவேன். ஐஸ் கம்பெனி, வலைக்கடை, மளிகைக்கடை என்று நாலைந்து இடம். விசைப்படகுகள் கடலுக்குப் போகிற நாள் திங்கள், புதன், சனி. அன்றைக்குக் கணக்கு எழுதுகிறவனை யாரும் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். ஆகையால் மற்ற நாட்களில்தான் போவேன். அப்போதும் பெரிதாக ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

அப்படிப் போன ஒரு சாயங்காலம், கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்து டீக்கடை. வடை மடித்துக் கொடுத்த பேப்பரில் ஒரு செய்தி. இலங்கைக்குக் கடத்த வைத்திருந்த கஞ்சா மூட்டைகள் சிக்கினவாம். இந்தக் கரைக்கு அது புதுச் செய்தியா என்ன? வடையைவிடப் பழசு.

டீக்கடை பாய் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "தம்பி, நீங்க கணக்குப் படிச்சவரு. இதைப் பயிர் பண்றவன் அதைப் பிடுங்கிப் போட்டுட்டுக் கத்தரிக்கா வெச்சா என்னவாம்?"

யோசிக்க அவகாசம் வேண்டுமே! இன்னொரு வடையை எடுத்துக்கொண்டேன்.

"வெக்கிறாங்க பாய். ஆந்திரா - ஒடிசா எல்லை மலையிலதான் இது நிறைய விளையுது. 2021-ல் ஆந்திர போலீஸ் 'ஆபரேஷன் பரிவர்த்தனா'ன்னு பேர் வெச்சு ஆயிரக்கணக்கான ஏக்கரை அழிச்சாங்க. காபி போடு, மஞ்சள் போடுன்னு அரசாங்கமும் சொல்லுது. அரக்கு காபி அந்தப் பக்கத்து சரக்குதான்."

"அப்புறம் என்ன, முடிஞ்சுதே!" என்றார் பாய்.

முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று தெரிய வேண்டுமானால் கொலம்பியா வரைக்கும் போய் வர வேண்டும். பயப்படாதீர்கள். பஸ் சார்ஜ் கிடையாது.

அங்கே பயிர் கஞ்சா இல்லை, கோக்கா. அதன் இலையிலிருந்துதான் கொக்கெய்ன் எடுக்கிறார்கள். அதைப் பிடுங்கிவிட்டு வைக்கச் சொல்கிற மாற்றுப் பயிர்களில் முக்கியமானது கோக்கோ. சாக்லேட் செய்கிற அதே கோக்கோதான். பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகப் பார்த்திருப்பீர்கள். கோக்கா, கோக்கோ... எழுத்தில் பார்த்தால் ஒரு கொம்புதான் வித்தியாசம். கணக்கில் பார்ப்போம்.

கோக்கா: வருஷத்துக்கு நாலு தடவையாவது இலை பறிக்கலாம். விவசாயியே அதைப் பசையாக்கி ஒரு பைக்குள் போட்டு வைத்துக்கொண்டால் போதும். வியாபாரி வீடு தேடி வருவான், ரொக்கம் தருவான். ரோடு வேண்டாம், லாரி வேண்டாம்.

கோக்கோ: காய்க்கவே மூன்று வருஷம் ஆகலாம். காய்த்த பிறகு மூட்டை கட்டி, சேற்றிலும் படகிலும் சந்தைக்குக் கொண்டுபோனால், அன்றைய விலை கூலிக்கே போதாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மூன்று வருஷம் பொறு என்று காய்ச்சலிடம் சொல்ல முடியுமா?

நான் அந்த ஊர் விவசாயிக்கு ஆடிட்டராக இருந்தால் எந்தப் பயிரை சிபாரிசு செய்வேன்? கை தானாகவே கோக்கா பக்கம் போகிறது, சார். கெட்ட புத்தியினால் அல்ல, கூட்டல் கழித்தலினால்.

2016-ல் கொலம்பிய அரசாங்கமும் ஃபார்க் என்ற கெரில்லாப் படையும் சமாதான ஒப்பந்தம் போட்டார்கள். ஐம்பது வருஷத்துக்கும் மேலான சண்டை அது. ஒப்பந்தத்தின் நாலாவது அம்சம் போதைப்பொருள். விவசாயி தானே கோக்காவைப் பிடுங்கினால் மாதம் 10 லட்சம் பெசோ வீதம் ஒரு வருஷம் உதவித்தொகை. லட்சம் என்றதும் வாயைப் பிளக்காதீர்கள். அப்போதைய மதிப்பில் நம்ம பணம் சுமார் 22,000 ரூபாய்தான். அப்புறம் தோட்டம் போடப் பணம், தொழிலுக்குப் பணம், நீண்ட காலப் பயிருக்குப் பணம்.

சுமார் 99,000 குடும்பங்கள் கையெழுத்துப் போட்டன. போட்டதோடு நிற்காமல் 45,000 ஹெக்டேருக்கும் அதிகமாகப் பிடுங்கிப் போட்டன. ஐ.நா. போய்ச் சரிபார்த்தது. பிடுங்கிய நிலத்தில் மறுபடி கோக்கா வைத்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. விவசாயி சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான்.

எதிர்ப்பக்கம்? நீண்ட காலப் பயிருக்கான பணம் பல இடங்களில் வருஷக்கணக்கில் வரவில்லை. 2018-ல் ஆட்சி மாறியது. புதுக் குடும்பங்களைச் சேர்ப்பது நின்றது. போலீஸையும் ராணுவத்தையும் அனுப்பி வலுக்கட்டாயமாகப் பிடுங்குவது கூடியது. ஃபார்க் காலி செய்துவிட்டுப் போன காட்டில் வேறு ஆயுதக் கும்பல்கள் வந்து உட்கார்ந்துகொண்டன. 2016-ல் நாடு முழுக்க 1,46,000 ஹெக்டேராக இருந்த கோக்கா, ஐ.நா. கணக்குப்படி 2023-ல் 2,53,000 ஹெக்டேர்.

இது வரைக்கும் கணக்கு. இனிமேல் எழுதப்போவது எந்தப் பேரேட்டிலும் வராது.

99,000 குடும்பங்கள் தாமாகவா கையெழுத்துப் போட்டன? ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு ஆள் வீடு வீடாகப் போய், "அண்ணே, இதை விட்டுடுவோம். நம்ம பிள்ளைகளாவது துப்பாக்கிச் சத்தம் கேக்காம வளரட்டும்" என்று தன் பாஷையில் சொல்லியிருப்பான். அவன்தான் சங்கத் தலைவன். சம்பளம் கிடையாது, ஜீப் கிடையாது.

அவன் நிலைமையைப் பாருங்கள். போலீஸுக்கு அவன் கோக்கா விவசாயிகளின் தலைவன். கும்பலுக்கு அவன் சர்க்காரின் ஆள். பணம் வராவிட்டால் பக்கத்து வீட்டுக்காரனுக்கு அவன் ஏமாற்றுக்காரன். மூன்று பக்கமும் பற்று எழுதுகிறார்கள். வரவு எழுத ஆள் இல்லை.

தூமாகோ பகுதியில் ஹோசே ஜைர் கோர்த்தேஸ் என்று ஒரு சமூகத் தலைவர். மிரட்டல் இருந்ததால் அரசாங்கம் பாதுகாப்புக் கொடுத்தது. என்ன பாதுகாப்பு? குண்டு துளைக்காத ஜாக்கெட் ஒன்று, செல்போன் ஒன்று, கொஞ்சம் பயணப்படி. 2017 அக்டோபரில் கொன்றுவிட்டார்கள்.

புட்டுமாயோ மாநிலத்தில் புவெர்ட்டோ அசிஸ் என்ற ஊர்ப் பக்கம் மார்க்கோ ரிவாடெனெய்ரா. விவசாயிகள் சங்கத் தலைவர். கோக்காவுக்கு மாற்று தேடிக் கொண்டிருந்தவர். 2020 மார்ச் 19-ஆம் தேதி விவசாயிகளோடு கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார். ஆயுதங்களோடு உள்ளே வந்தவர்கள் அவரை இழுத்துக்கொண்டு போய்க் கொன்றார்கள்.

தேதியைக் கவனித்தீர்களா? அதற்கு மூன்றாம் நாள், மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை, நாமெல்லாம் வாசலில் நின்று தட்டை எடுத்துத் தட்டினோம். கொரோனாவுக்குப் பயந்து உலகமே கதவைச் சாத்திக்கொண்டிருந்த வாரம். கொலைகாரனுக்கு அது ரொம்ப வசதி. தேடுகிற ஆள் வீட்டிலேயே இருப்பான், பார்க்கிற ஆள் வெளியே வரமாட்டான்.

நிலத்தையும் சூழலையும் காக்கப் போராடி உயிரை விட்டவர்களை 'குளோபல் விட்னஸ்' என்ற அமைப்பு வருஷா வருஷம் கணக்கெடுக்கிறது. 2023-ல் உலகம் முழுக்க 196 பேர். அதில் கொலம்பியாவில் மட்டும் 79.

இதையெல்லாம் பாயிடம் சொல்லி முடித்தபோது டீ ஆறிவிட்டது. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "கொலம்பியாவுக்கு ஏன் தம்பி போறீங்க? திருமயம் போனா போதாதா?" என்றார்.

எனக்கு வாயடைத்துப் போயிற்று.

எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்து ஜகபர் அலியைத்தான் சொல்கிறார். அங்கே பயிர் இல்லை, கல். திருமயம் பக்கம் சட்டவிரோதமாக நடந்த கல் குவாரிகளை எதிர்த்து மனு மேல் மனுவாகக் கொடுத்தவர். 2025 ஜனவரி 17, வெள்ளிக்கிழமை, தொழுகை முடித்து வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தார். டிப்பர் லாரி மோதிச் செத்துப் போனார். முதலில் விபத்து என்றார்கள். மனைவி விடவில்லை, புகார் கொடுத்தார். கொலை வழக்காக மாறிற்று. குவாரி உரிமையாளர் உள்பட சிலர் கைதானார்கள். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது.

பொருள்தான் வேறு. அங்கே இலை, இங்கே கல். கணக்கு ஒன்றுதான். ஒருத்தன் சும்மா இருந்தால் பல பேருக்கு லாபம், அவன் வாயைத் திறந்தால் நஷ்டம். ஆகவே அந்த ஒருத்தனைக் கணக்கிலிருந்து கழித்துவிடுகிறார்கள்.

"நம்ம தெருவுல ஒரு பையன் தம்பி" என்று பாய் குரலைத் தாழ்த்தினார். "வேலைன்னு ஒண்ணும் கிடையாது. திடீர்னு புது பைக். எதுக்கு வந்த காசுன்னு எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். கூப்பிட்டு நாலு வார்த்தை சொல்லணும்னு ஒரு மாசமா நினைக்கிறேன். காலையில நினைக்கிறது, ராத்திரி வேணாம்னு தோணுது. ரெண்டு பொம்பளைப் புள்ளைங்க இருக்கு."

பாயைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? சில வருஷத்துக்கு முன் வேறோர் ஊரில் ஒரு கடைக்குக் கணக்கு எழுதினேன். வியாபாரத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒரு பெரிய தொகை. "இது எந்தத் தலைப்புல சார்?" என்றேன். "இதர வரவுன்னு எழுதுப்பா" என்றார். எழுதினேன். அழகான கையெழுத்தில் எழுதினேன். என் ஃபீஸையும் எண்ணி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். நான் கேட்டிருக்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி. அதைக் கேட்க எனக்கு ஆயுதக் கும்பல்கூடத் தேவைப்படவில்லை, ஒரு மாத வாடகை பாக்கியே வாயை அடைத்துவிட்டது.

அதனால்தான் அந்தக் கொலம்பியக்காரரை நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. என்ன நடக்கும் என்று தெரியும். முன்னால் போனவர்களுக்கு என்ன ஆயிற்று என்றும் தெரியும். இருந்தும் அன்றைக்கு அந்தக் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்தார்.

இந்த மாதிரி ஆட்களை 'மாவீரன்' என்று போஸ்டர் அடித்து ஒட்டுவது சுலபம். போஸ்டரைவிடச் செலவு பிடிக்கிற வேலை நிறைய இருக்கிறது. சொன்ன தேதியில் பணம் போக வேண்டும். மூட்டை ஏற ரோடு போட வேண்டும். மிரட்டல் என்று ஒருத்தன் வந்து நின்றால், ஜாக்கெட்டைக் கொடுத்து அனுப்பாமல் மிரட்டியவனைப் பிடிக்க வேண்டும். அப்புறம், கூட்டத்தில் எழுந்து பேசுகிறவன் ஒற்றை ஆளாக நிற்காதபடிக்குப் பக்கத்தில் நாலு பேராவது எழுந்து நிற்க வேண்டும்.

நேரமாகிவிட்டது. பஸ்ஸுக்கு எழுந்தேன். "எவ்வளவு ஆச்சு பாய்?"

"ரெண்டு வடை, ஒரு டீ" என்றவர், சில்லறையைக் கொடுத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "தம்பி, அடுத்த மாசம் வர்றப்ப அந்தப் பையனைக் கூப்பிட்டு வெக்கிறேன். நான் மட்டும் சொன்னா சரியா வராது. நீங்களும் கூட இருக்கீங்களா?"

பஸ் ஹாரன் அடித்தது. கேட்காத மாதிரி ஓடி ஏறியிருக்கலாம். இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. இப்போதே வயிற்றைக் கலக்குகிறது.